கடைசிக் குழாயின் கதை: சிறுநீரகச் சேகரிப்பு நாளத்தை அறிந்த வரலாறு



சிறுநீரகத்தைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது 'வடிகட்டி' என்ற சொல்லைத்தான் நாம் பெரும்பாலும் கையாள்கிறோம். தேநீர் வடிகட்டியைக் காட்டி, "இதுபோலத்தான் சிறுநீரகமும் இரத்தத்தை வடிகட்டுகிறது" என்று விளக்குகிறோம். தொடக்கநிலை மாணவருக்கு அவ்வுவமை போதும். ஆயினும் அது பாதி உண்மையே. மீதிப் பாதியை மாந்தர் அறிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

நலமுடன் உள்ள ஒரு பெரியவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒரு நாளைக்கு அது 180 லிட்டர் ஆகும். அவருடைய இரத்தத்தின் நீர்மப் பகுதியாகிய பிளாஸ்மாவோ ஏறத்தாழ 3 லிட்டர்தான். வடிகட்டுவது மட்டுமே சிறுநீரகத்தின் வேலையாக இருந்தால், அரை மணி நேரத்திற்குள் அந்த 3 லிட்டரும் வடிந்து தீர்ந்துவிடும். ஆனால், நாம் நாளொன்றுக்கு வெளியேற்றும் சிறுநீர் ஒன்று முதல் இரண்டு லிட்டர் மட்டுமே. எஞ்சியது முழுவதும் மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. ஆகவே, வடித்ததை மீட்பதே சிறுநீரகத்தின் பெரும்பணி எனலாம்.

இப்பணி நெஃப்ரான் எனப்படும் நுண்குழாய்களில் நடைபெறுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குளோமருலஸ் என்னும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. அங்கு வடியும் நீர்மம் சுருண்ட முதற்பகுதி, கொண்டை ஊசிபோல் கீழிறங்கி மேலேறும் ஹென்லே வளைவு, மீண்டும் ஒரு சுருண்ட பகுதி ஆகியவற்றைக் கடந்து வருகிறது. பல நெஃப்ரான்களின் முனைகள் இறுதியில் ஒரு பொதுக் குழாயில் வந்து சேர்கின்றன. அதுவே சேகரிப்பு நாளம். அது சிறுநீரகத்தின் புறப்பகுதியிலிருந்து உட்பகுதியின் ஊடாக ஆழத்திற்கு இறங்கி, சிறுநீரை வெளியே விடுகிறது.

வடிந்த நீரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை முதற்பகுதியே மீட்டுவிடுகிறது. நாம் நீர் அருந்தினாலும் அருந்தாவிட்டாலும் அம்மீட்பு நடந்தே தீரும். 'இன்று உடலில் நீர் குறைவா, மிகுதியா?' என்பதற்கேற்ப இறுதி முடிவு எடுக்கப்படும் இடம் சேகரிப்பு நாளம். ஆனால், அதன் பெயரைக் கவனியுங்கள். சேகரிப்பது மட்டுமே அதன் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டதற்கு அப்பெயரே சான்று.

முதலில் கண்ணில் பட்டது

சிறுநீரைச் சிறுநீரகமே உண்டாக்குகிறது என்பதைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலென் செய்து காட்டினார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய்களை விலங்குகளில் கட்டினார். பை நிறையவில்லை, கட்டுக்கு மேற்புறம் குழாய்கள் புடைத்தன. ஆனால், சிறுநீரகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதன் பின்னரும் பல நூற்றாண்டுகள் அறியப்படாமலே இருந்தது.

1662ஆம் ஆண்டில் இத்தாலியின் பீசா நகரில் கல்வி பயின்றுகொண்டிருந்த லொரென்சோ பெல்லினி என்ற பத்தொன்பது வயது இளைஞர், சிறுநீரகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதுவரை சிறுநீரகம் ஒரு திண்ணிய தசைப்பிண்டம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். பெல்லினி அதனை அறுத்துப் பார்த்து, உட்பகுதி முழுவதும் நுண்ணிய குழாய்களால் ஆனது என்று கண்டார். அழுத்தியபோது அக்குழாய்களின் வாயிலிருந்து நீர் கசிந்தது. அதை நாவில் வைத்துச் சுவைத்து, உப்புச்சுவை இருப்பதையும் பதிவு செய்தார். அவர் கண்டவை சேகரிப்பு நாளங்களின் கடைப்பகுதிகள். இன்றும் அவை 'பெல்லினி நாளங்கள்' என்றே வழங்கப்படுகின்றன.

நெஃப்ரானின் வழித்தடத்தில் கடைசியாக வரும் குழாய்தான் மாந்தர் கண்ணில் முதலில் பட்டது. ஆனால், அதன் பணியே எல்லாவற்றிலும் பிந்தி விளங்கியது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1666இல், மார்செல்லோ மல்பீகி நுண்ணோக்கியின் துணையால் சிறுநீரகத்தின் புறப்பகுதியில் உருண்டையான நுண்மணிகளைக் கண்டார். அவையே பின்னாளில் குளோமருலஸ் என அறியப்பட்ட முடிச்சுகள். மணிகளும் தெரிந்தன, குழாய்களும் தெரிந்தன. இரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பது மேலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்குத் தெளிவாகவில்லை.

வடிப்பதா, சுரப்பதா?

1842ஆம் ஆண்டில் இருவேறு நாடுகளில் இருவர் இவ்வினாவிற்கு விடை கண்டனர். இருவரும் 1816இல் பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல். இலண்டனில் வில்லியம் பௌமன், இரத்தக்குழாய் முடிச்சைச் சூழ்ந்துள்ள கிண்ணம்தான் குழாயாக நீண்டு செல்கிறது என்று நிறுவினார். முடிச்சு நீரை மட்டும் விடுகிறது. கழிவுகளைக் குழாயின் சுவரிலுள்ள உயிரணுக்களே சுரக்கின்றன என்பது அவர் கருத்து. ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் கார்ல் லுட்விக் வேறு விதமாகச் சிந்தித்தார். இரத்த அழுத்தத்தால் முடிச்சில் நீர்மம் வடிகிறது. குழாயின் வழியே செல்லும்போது நீர் மீண்டும் இரத்தத்திற்குள் ஈர்க்கப்படுகிறது என்றார் அவர்.

இவ்விரு கொள்கைகளும் எண்பது ஆண்டுகள் மோதிக்கொண்டன. 1874இல் ருடோல்ஃப் ஹைடன்ஹைன் நீலச் சாயம் ஒன்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினார். சாயம் குழாய்ச் சுவரின் உயிரணுக்களில் தோன்றியது, முடிச்சுகளில் தோன்றவில்லை. "எனவே சுரத்தலே உண்மை" என்றார். லுட்விக் சொன்னபடி நடப்பதானால் நம்பத்தகாத அளவு நீர் வடிந்து மீள வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 1917இல் ஆர்தர் குஷ்னி தாம் எழுதிய நூலில், வடிதலும் மீளுறிஞ்சலுமே போதும், சுரத்தல் தேவையில்லை என்று மறுபக்கம் நின்றார்.

முடிவு 1920களில் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்ன், ஆல்ஃப்ரெட் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் தலைமயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழாயைத் தவளையின் ஒற்றை முடிச்சினுள் செலுத்தி, அங்கு வடிந்த நீர்மத்தை வெளியே எடுத்தனர். 1924இல் வெளியான முடிவுகளின்படி, அந்நீர்மத்தில் புரதம் இல்லை, சர்க்கரையோ இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரை இல்லை. அப்படியானால், வடிந்த சர்க்கரை வழியில் மீட்கப்பட்டிருக்க வேண்டும். லுட்விக்கின் கொள்கை மெய்யாயிற்று.

அதற்குச் சற்று முன்னர், 1923இல், அதே நாட்டில் மார்ஷல் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளரும் ஒரு சிவப்புச் சாயத்தை நாய்களுக்குச் செலுத்தி, வடிதலால் மட்டும் வெளியேறக்கூடிய அளவைவிட மிகுதியான சாயம் சிறுநீரில் வருவதைக் காட்டியிருந்தனர். குளோமருலஸ் முடிச்சே இல்லாத சில கடல் மீன்களும் சிறுநீர் உண்டாக்குவதை மார்ஷல் பின்னர் எடுத்துரைத்தார். சுரத்தலும் மெய்யே ஆயிற்று. எண்பது ஆண்டுகள் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் ஒருங்கே வென்றன. குழாய் சிலவற்றை மீட்கிறது, சிலவற்றைச் சேர்க்கிறது.

உப்பிட்ட மாங்காயும் சிறுநீரகமும்

இனி, வேறொரு புதிர். நீர் குறைவாக அருந்தினால் சிறுநீர் அடர்த்தியாகிறது. இரத்தத்தைவிட நான்கு மடங்கு அடர்த்தி வரை மனிதச் சிறுநீர் செல்ல முடியும். இவ்வடர்த்தி எங்கே, எப்படி உண்டாகிறது?

1862இல் யாக்கோப் ஹென்லே கொண்டை ஊசி போன்ற வளைவைக் கண்டறிந்து விளக்கினார். அது எதற்கு என்பது அவருக்கும் தெரியாது. அவருக்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கு எவருக்கும் சரிவரத் தெரியாது. 1942இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த வெர்னர் கூன் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் மருத்துவர் அல்லர், இயற்பிய வேதியியலாளர். அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு நீரோட்டங்கள் சிறு வேறுபாட்டையும் படிப்படியாகப் பெருக்கக்கூடியவை. ஹென்லே வளைவும் அத்தகைய எதிரோட்ட அமைப்பே என்றார். 1951இல் கூனும் ஹைன்ரிக் விர்ஸ், ஹார்கிடாய் ஆகியோரும் எலியின் சிறுநீரகத்தைச் சீவல்களாக்கி ஆராய்ந்தனர். புறப்பகுதியிலிருந்து ஆழத்திற்குச் செல்லச் செல்ல உப்பு முதலிய கரைபொருள்களின் அடர்த்தி கூடிக்கொண்டே போவதைக் கண்டனர்.

அடர்த்தியான சிறுநீரை ஹென்லே வளைவே நேரடியாக உண்டாக்குகிறதா என்பது அடுத்த வினா. 1956இல் விர்ஸும், 1959இல் அமெரிக்காவின் கார்ல் காட்ஷாக், மார்கரெட் மில் ஆகியோரும் நுண்ணிய குழாய்களால் நீர்மத்தை எடுத்து ஆராய்ந்தனர். வளைவை விட்டு மேலேறி வரும் நீர்மம் இரத்தத்தைவிடவும் நீர்த்திருந்தது! அப்படியானால், அது அடர்த்தியாவது அதன் பின்னரே. அதாவது சேகரிப்பு நாளத்தில்தான். வளைவு செய்வது உட்பகுதியை உப்பு மிகுந்ததாக ஆக்கி வைப்பது. அந்த உப்புச் சூழலின் ஊடாகச் சேகரிப்பு நாளம் இறங்கும்போது, அதனுள்ளிருக்கும் நீர் வெளியே ஈர்க்கப்படுகிறது.

இதை மாணவர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஊறுகாய்க்காக நறுக்கிய மாங்காயில் உப்பிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் தட்டில் நீர் கட்டுகிறதல்லவா? உப்பு வெளியே நின்று, உள்ளிருக்கும் நீரை இழுக்கிறது. சிறுநீரகத்தின் ஆழத்தில் நிகழ்வதும் அதுவே.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. மாங்காய்க்குக் கதவில்லை. சேகரிப்பு நாளத்திற்கோ கதவு உண்டு; அதைத் திறக்கவும் மூடவும் கட்டளையும் உண்டு.

கட்டளை தரும் இயக்குநீர்

சிறுநீர் அளவின்றிப் பெருகும் நோய்களுள் ஒன்றில் சிறுநீர் இனிக்கும். அதை 1674இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பதிவு செய்தார். அது நாம் யாவரும் அறிந்த நீரிழிவு. மற்றொன்றில் சிறுநீர் வெறும் நீர்போலச் சுவையற்றிருக்கும். சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதை 'டயாபெடிஸ் இன்சிபிடஸ்' என்று அழைத்தனர்.

1913இல் இத்தாலியில் ஃபாரினியும் ஜெர்மனியில் ஃபொன் டென் ஃபெல்டனும், தனித்தனியே, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாற்றை இந்நோயாளிகளுக்குச் செலுத்தினர். பெருகிய சிறுநீர் குறைந்தது. ஆக, அச்சுரப்பியிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் 'நீரைச் சேமி' என்று சிறுநீரகத்திற்குச் சொல்கிறது. 1947இல் எர்னஸ்ட் வெர்னி என்ற ஆங்கில ஆய்வாளர், இரத்தத்தின் அடர்த்தி சிறிதளவு கூடினாலும் மூளை அதை உணர்ந்து இப்பொருளை விடுவிக்கிறது என்று விளக்கினார். வாசோபிரெசின் எனப்படும் அவ்வியக்குநீரை 1954இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்.

கட்டளை சேரும் இடம் சேகரிப்பு நாளமே என்பதை நேரடியாகக் காட்டியவர்கள் ஜாரெட் கிராந்தமும் மாரிஸ் பர்க்கும் ஆவர். 1966இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தில், முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒரேயொரு சேகரிப்பு நாளத் துண்டைப் பிரித்தெடுத்து, இரு முனைகளிலும் கண்ணாடி நுண்குழாய்களைப் பொருத்தி, அதனுள் நீர்மத்தை ஓடவிட்டனர். வெளிப்புறத்தில் வாசோபிரெசினைச் சேர்த்ததும், நாளத்தின் சுவர் வழியே நீர் மிகுதியாக வெளியேறியது.

நீருக்கென ஒரு கதவு

நீர் அவ்வளவு விரைவாக எவ்வழியே செல்கிறது? உயிரணுவின் உறை கொழுப்பால் ஆனது. நீர் அதனூடே மெல்லத்தான் கசியும். நீருக்கெனத் தனி வாயில் இருக்க வேண்டும் என்று பலர் ஐயுற்றனர், கண்டவர் எவருமில்லர்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே இரத்தப் பிரிவுகள் தொடர்பான வேறோர் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒரு புரதம் தற்செயலாகக் குறுக்கிட்டது. 1992இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அப்புரதத்தைத் தவளையின் முட்டை உயிரணுக்களில் உருவாகச் செய்து, உப்புக் குறைந்த நீரில் இட்டனர். மற்ற முட்டைகள் அப்படியே இருக்க, இவை மட்டும் நீரை ஈர்த்துப் பருத்து வெடித்தன. நீரின் வாயில் கிடைத்துவிட்டது. அதற்கு அக்வாபோரின் என்று பெயரிட்டனர். ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1993இல் ஜப்பானின் தோக்கியோவில் ஃபுஷிமி, சசாகி குழுவினர் சேகரிப்பு நாளத்திற்கே உரிய அக்வாபோரின் 2 என்ற வகையைக் கண்டறிந்தனர். 1995இல் டென்மார்க்கின் சோரன் நீல்சனும் உடன் ஆய்வாளர்களும் அது இயங்கும் முறையை விளக்கினர். உடலில் நீர் போதுமான அளவு இருக்கும்போது, இவ்வாயில்கள் உயிரணுவின் உள்ளே சிறு பைகளில் அடைந்து கிடக்கின்றன. வாசோபிரெசின் வந்ததும் அப்பைகள் நகர்ந்து நாளத்தின் உட்புற உறையுடன் இணைகின்றன. வாயில்கள் பொருந்துகின்றன, நீர் நுழைகிறது, மறுபுறத்தில் எப்போதும் உள்ள வேறு வகை வாயில்கள் வழியே இரத்தத்தை அடைகிறது. கட்டளை ஓய்ந்ததும் வாயில்கள் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகின்றன.

மீட்பதோடு நாளத்தின் பணி முடிவதில்லை. அது சுரக்கவும் செய்கிறது. 1948இல் ராபர்ட் பெர்லினரும் கென்னடியும், வடிந்த அளவைவிட மிகுதியான பொட்டாசியம் நாயின் சிறுநீரில் வெளியேற முடியும் என்று காட்டினர். 1953இல் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் உடன் ஆய்வாளர்களும் ஆல்டோஸ்டெரோன் என்ற இயக்குநீரைப் பிரித்தெடுத்தனர். அதன் கட்டளைப்படி, நாளத்தின் முதன்மை உயிரணுக்கள் சோடியத்தை மீட்டு, பொட்டாசியத்தைச் சுரக்கின்றன. அவற்றின் இடையிடையே அமைந்த வேறு வகை உயிரணுக்கள், உடலில் அமிலம் மிகும்போது அமிலத்தையும், காரம் மிகும்போது காரத்தையும் வெளியேற்றுகின்றன. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பணியின் அருமை விளங்கும்.

வகுப்பறைக்கு இதில் என்ன?

இவ்வரலாற்றை நாம் அறிந்திருப்பதற்குத் தேவை உண்டு. பிட்யூட்டரி சாறு பல நோயாளிகளுக்குப் பயன் தந்தபோதும், சிலருக்கு அது சிறிதும் பயன்படவில்லை. அவர்களின் உடலில் கட்டளை குறைவின்றி வருகிறது. சேகரிப்பு நாளம்தான் அதைக் கேட்பதில்லை. கட்டளையை ஏற்கும் பகுதியிலோ, 1994இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியபடி அக்வாபோரின் 2 வாயிலிலோ, பிறவியிலேயே மரபணுக் குறை இருக்கக்கூடும். இது அரிய நோய்தான். ஆயினும், இக்குறையுடன் பிறக்கும் குழந்தை மிகுதியாகச் சிறுநீர் கழித்து, நீர் வற்றி, காய்ச்சலுற்று, வளர்ச்சி குன்றித் தவிக்கும். பேசத் தெரியாத குழந்தையால் தாகத்தையும் சொல்ல இயலாது. இந்நோய்களின் பெயரிலுள்ள 'டயாபெடிஸ்' என்ற சொல் நீரிழிவோடு குழப்பம் விளைவித்து, சிகிச்சையில் தவறுகளுக்கு இடம் தந்தமையால், 2022இல் உலக வல்லுநர் குழுவினர் புதிய பெயர்களை முன்மொழிந்தனர். வாசோபிரெசின் சுரக்காத நிலைக்கு 'வாசோபிரெசின் குறைபாடு' என்றும், நாளம் கேளாத நிலைக்கு 'வாசோபிரெசின் எதிர்ப்பு' என்றும் அவற்றைத் தமிழில் சொல்லலாம்.

ஆகவே, ஒரு மாணவர் அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்டு, அதே அளவுக்கு ஓயாமல் தண்ணீரும் குடித்தால், அதைக் குறும்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டா. பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும். ஆயினும், இரவிலும் பல முறை எழுந்து நீர் அருந்துவதாகப் பெற்றோர் சொன்னால், மருத்துவரிடம் காட்டச் சொல்வது நம் கடமை. அது நீரிழிவாகவும் இருக்கலாம்; அரிதாக, இக்கட்டுரையில் கண்ட குறையாகவும் இருக்கலாம். எதுவாயினும், அதுவரை அம்மாணவரின் தண்ணீர்ப் புட்டியைப் பறித்து வைப்பதோ, கழிப்பறைக்குச் செல்வதைத் தடுப்பதோ கூடாது. நாளம் நீரை மீட்காத உடலுக்கு, குடிக்கும் நீர் ஒன்றே காப்பு.

பாடம் நடத்தும்போது தேநீர் வடிகட்டியைக் காட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. அதன்பின் ஒரு வினாவை மட்டும் சேர்த்துக் கேளுங்கள்: "ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிந்தால், ஏன் 180 லிட்டர் வெளியே வருவதில்லை?" விடையை உடனே சொல்லிவிடாமல், மாணவர்களைச் சிறிது நேரம் சிந்திக்க விடுங்கள். பௌமனும் லுட்விக்கும் நின்ற இடத்தில் அவர்களும் ஒரு கணம் நிற்பார்கள்.